ஷமோனியில் முதல் பனிச்சறுக்கு வாரம்: முன்னேற்பாடு முதல் வாலே பிளான்ஷ் வரை

பிரான்சின் கிழக்கெல்லையில், மோன் பிளாங்க் மலையடிவாரத்தில், 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷமோனிக்கு முதன்முறை வருகிறவர்கள் படும் பாடு, அநேகமாக, பனியில் கால் வைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விடுதியைப் பதிவு செய்த பிறகுதான் எந்த மலையில் பயில்வது என்று தேடுகிறார்கள். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கான ஆறு நாள் பாஸ் வாங்கிய பிறகு, முதல் மூன்று நாளுக்கு அது தேவைப்படாது என்று அறிகிறார்கள். வந்திறங்கிய மறுநாள் காலையே கேபிள் காரில் எகுயி டு மிடி சிகரத்தின் 3,842 மீட்டர் உயரத்துக்கு ஏறித் தலைவலியோடு இறங்குகிறார்கள். ஸ்கீ எனும் சறுக்குப் பலகையை அணிந்தே அறியாதவரோ ஓரளவு மட்டும் பழகியவரோ குளிர்காலத்தில் ஒரு வாரம் தங்குவதாக வைத்துக்கொண்டு, எதை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. முதலில் பள்ளத்தாக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆல்ப்ஸில் பல ஊர்களில் விடுதி வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொண்டு, ஒரே தொடராக இணைந்த மலைகளில் நாள் முழுவதும் சுற்றலாம். ஷமோனி அப்படிப்பட்ட ஊர் இல்லை. ஆர்வ் ஆற்றின் ஓரமாக நீளும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து வடக்காக லே ஊஷ், ஷமோனி, லே பிரா, அர்ஜான்டியேர், லெ டூர் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்கப்பால் கணவாயைத் தாண்டினால் வலோர்சின். சறுக்குதளங்களும் அவற்றைப் போலவே தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்திலோ ரயிலிலோதான் போக வேண்டும். பிரெவானும் ஃபிளெஜேரும் மட்டும் ஒரு கேபிள் காரால் இணைக்கப்பட்டுள்ளன.

இவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். லெ டூர் ஊருக்கு மேலுள்ள பால்ம் பகுதி அகலமான, மென்மையான சரிவுகளைக் கொண்டது. புதியவர்களுக்கும் இடைநிலையினருக்கும் அதுவே சிறந்தது. பிரெவான், ஃபிளெஜேர் இரண்டும் தெற்கு நோக்கியவை என்பதால் வெயில் கிடைக்கும். எதிரே மோன் பிளாங்க் முழுவதுமாகத் தெரியும். கிரான் மோன்டே வடக்கு நோக்கியது, செங்குத்தானது, ஜனவரியில் கடுங்குளிர் அடிக்கும் இடம், தேர்ந்தவர்களுக்கு உரியது. லே ஊஷ் தாழ்வான, மரங்கள் அடர்ந்த பகுதி. மேகம் இறங்கி மேலே எதுவும் தெரியாத நாளில் மரங்களின் நிழல்கோடு கண்ணுக்குப் பிடிமானம் தருவதால், அந்த ஊரை மோசமான வானிலைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கிரான் மோன்டே பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கிருந்த கேபிள் கார் நிலையம் 2018 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்தது. அதற்கு முந்தைய பயணக் குறிப்புகள் 3,275 மீட்டர் உச்சியிலிருந்து இறங்குவதைப் பற்றி மெய்மறந்து எழுதியிருக்கும். எந்தப் பகுதி இயங்குகிறது என்பதை அந்தந்தப் பருவத்தில் பார்த்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

2. வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிரெஞ்சுப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை, நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் மாறி மாறி வருகிறது. அந்த வாரங்களில் விடுதி வாடகை ஏறும், லிஃப்ட் வரிசை நீளும், பயிற்சி வகுப்புகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும் அப்படியே.

முழுக்கப் புதியவருக்கு மார்ச் நடுப்பகுதியையே பரிந்துரைப்பேன். பகல் நீண்டிருக்கும், குளிர் சற்றுத் தணிந்திருக்கும், விழுந்து எழுகிறவருக்கு அது பெரிய உதவி. புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரி வாரங்கள் மலிவானவைதான். ஆனால் பொழுது விடிவதே காலை எட்டு மணிக்கு மேல், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.

3. விசாவும் காப்பீடும்: பயணச்சீட்டுக்கு முந்தைய வேலை

அருகிலுள்ள விமான நிலையம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா என்பதால், பலர் சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். ஷெங்கன் எனப்படும் ஐரோப்பியப் பொது விசாவின் விதிப்படி அதிக இரவுகள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாரம் முழுவதும் ஷமோனியில் என்றால் அது பிரான்ஸ். ஜெனீவாவில் இறங்குவதற்கு அதே விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள் என்றாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. விசாவுக்காக வாங்கும் மலிவான காப்பீடுகளில் பல, பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டு என்று விலக்கி வைத்திருக்கும். பத்திரத்தின் விலக்குப் பட்டியலைப் படித்து, சறுக்குப்பாதைக்கு உள்ளே நேரும் விபத்து, பாதைக்கு வெளியே நேரும் விபத்து, மலையிலிருந்து மீட்கும் செலவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

காரணம் இது: உயர்மலையில் ஜான்டார்மெரி எனப்படும் பிரெஞ்சுக் காவல்படையின் மீட்புப் பிரிவு செய்யும் மீட்புக்குப் பிரான்சில் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் சறுக்குதள எல்லைக்குள் காவல் ஊழியர்கள் உங்களைச் சறுக்குக் கட்டிலில் கீழே கொண்டுவந்தால் அதற்குக் கட்டணம் உண்டு. அதன் பிறகான மருத்துவமனைச் செலவு வேறு. பயணக் காப்பீட்டில் இது இல்லையென்றால், பாஸ் வாங்கும்போதே நாள் கணக்கில் கிடைக்கும் ‘கார்ரே நேஜ்’ காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் விலை அற்பம்.

4. மலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

குழந்தைகளோடு வரும் புதியவர்கள் லெ டூரிலோ அர்ஜான்டியேரிலோ தங்கினால் காலைப் பயணம் மிச்சமாகும். கடைத்தெரு, உணவகங்கள், மாலை நடமாட்டம் எல்லாம் வேண்டும் என்றால் ஷமோனி நகரம்தான். அப்படியானால் முகவரியை வரைபடத்தில் வைத்துப் பார்த்து, பேருந்து நிறுத்தமோ ரயில் நிலையமோ ஐந்து நிமிட நடைக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஸ்கீயைத் தோளில் சுமந்து, கல்லாய் இறுகிய ஸ்கீ பூட் காலணியோடு உறைந்த நடைபாதையில் நடப்பது எவ்வளவு கடினம் என்பது முதல் நாள்தான் புரியும். பிரெவானுக்குச் செல்லும் பிளான்பிரா லிஃப்ட் நகர மையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தத் தெரு செங்குத்தாக ஏறும்.

தங்குமிடத்தில் ‘கார்ட் தோட்’ எனப்படும் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். செர்வோ முதல் வலோர்சின் வரையிலான ரயிலிலும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் அது பயன்படும். தனியார் வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிட்டு, வாரம் முழுவதும் சீட்டு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாரவாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைதான் கிடைக்கும். ஆகவே வீட்டின் தேதியை உறுதிசெய்த பிறகே விமானச்சீட்டு எடுங்கள்.

5. ஜெனீவாவிலிருந்து வந்து சேருதல்

தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சாலை தடையின்றி இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். பருவகாலச் சனிக்கிழமைகளில் அதற்கு உத்தரவாதம் கிடையாது. விமான நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை கொண்டுவிடும் பகிர்வு வேன்களே பெரும்பாலோருக்கு ஏற்றவை. இரண்டு பெட்டியும் இரண்டு குழந்தையுமாக ரயில் மாறுவது வீண் சிரமம்.

தனியாக வருபவர் ரயிலில் வரலாம். ஜெனீவாவிலிருந்து சான் ஜெர்வே வரை ஒரு வண்டி; அங்கே இறங்கி, குறுகிய தடத்தில் ஓடும் மோன் பிளாங்க் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். பள்ளத்தாக்கின் சிறு நிறுத்தங்கள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும்.

கார் எடுப்பதாக இருந்தால், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைப்பகுதியில் குளிர்கால டயரோ சக்கரச் சங்கிலியோ சட்டப்படி கட்டாயம் என்பதை நினைவில் கொண்டு, வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் கார் தேவையில்லை. நிறுத்த இடம் தேடியே காலைப் பொழுது போய்விடும்.

6. பாஸ்: முதல் நாளே ஆறு நாளுக்கு வாங்க வேண்டாம்

இணையத்தில் ‘முன்பதிவுச் சலுகை’ என்று பார்த்ததும் ஆறு நாள் பாஸை வாங்குவதுதான் புதியவர்கள் அதிகம் பணம் இழக்கும் இடம். பள்ளத்தாக்கின் அடியில் லே பிளானார், லெ சாவுவா, லா வோர்மேன் ஆகிய சிறு பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாகக் குறைந்த விலையில் சீட்டு உண்டு. ஸ்கீயை நிறுத்தக் கற்கும் வரை உங்களுக்கு வேறு லிஃப்ட் எதுவும் பயன்படாது.

அடுத்து, பாஸ்களின் வேறுபாடு. சாதாரணப் பள்ளத்தாக்குப் பாஸ் பால்ம், பிரெவான், ஃபிளெஜேர், கிரான் மோன்டே ஆகியவற்றை அடக்கும். லே ஊஷ் சறுக்குதளம், எகுயி டு மிடி கேபிள் கார், மேர் டு கிளாஸ் பனியாற்றுக்குச் செல்லும் மோந்தான்வேர் ரயில் இவையெல்லாம் ‘மோன் பிளாங்க் அன்லிமிடெட்’ என்ற உயர்விலைப் பாஸில் வருபவை. உச்சிக்கு ஒரே ஒரு நாள் போக நினைப்பவர் அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்குவதா, பெரிய பாஸா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய பாஸ் வாங்கினாலும் காற்று பலமாக வீசும் நாளில் உச்சி கேபிள் கார் ஓடாது.

7. வாடகைக் கடையில் அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடுங்கள்

சனிக்கிழமை மாலையே கடைக்குப் போய்விடுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மொத்தக் கூட்டமும் அங்கே இருக்கும். அவசரத்தில் கடைக்காரர் தரும் முதல் பூட்டையே வாங்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

ஸ்கீயைவிடப் பூட்தான் முக்கியம். ஆடுதசை வரை வரும் மெல்லிய ஸ்கீ காலுறை ஒரே ஒரு ஜோடி அணியுங்கள். குளிருக்கு அஞ்சி இரண்டு ஜோடி போட்டால் மடிப்பு விழுந்து தோல் உரியும், இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் சில்லிடும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, பாதத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே கொக்கிகளை மாட்ட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது கட்டைவிரல் பூட்டின் முனையை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கும்போது அது விலக வேண்டும். அப்போது குதிகால் எழும்பக் கூடாது. குதிகால் எழுந்தால் பூட் பெரியது. கடையில் பத்து நிமிடம் அணிந்தபடியே நில்லுங்கள். எங்காவது ஒரு புள்ளியில் குத்தினால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த நாள் திரும்பி வந்தும் மாற்றிக்கொள்ளலாம். கால்சட்டையின் நுனியை ஒருபோதும் பூட்டுக்குள் செருகாதீர்கள்.

அதன்பின் உங்கள் எடை, உயரம், வயது, திறன் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவற்றைக் கொண்டே, விழும்போது பூட் எந்த விசையில் ஸ்கீயிலிருந்து கழல வேண்டும் என்பதைத் திருகி அமைக்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிடும். ‘நன்றாகச் சறுக்குவேன்’ என்று பெருமைக்குச் சொன்னால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

தலைக்கவசம் கட்டாயமாக எடுங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் பெட்டியிலேயே இருக்கட்டும். நனைந்த பருத்தி உலராது, உடலின் சூட்டை உறிஞ்சிவிடும்.

8. முதல் மூன்று நாள்: தாழ்வான இடத்தில் முறையான பயிற்சி

நண்பரிடம் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். நன்றாகச் சறுக்குகிற நண்பர் முதல் மணி நேரத்திலேயே உங்களைத் தமக்குச் சலிப்பூட்டாத சரிவுக்குக் கூட்டிப் போய்விடுவார். பிரெஞ்சு ஸ்கீ பள்ளியின் சிவப்புச் சட்டைப் பயிற்றுநர்களிடமோ வேறு பள்ளியிலோ குழு வகுப்பில் சேருங்கள். பல வகுப்புகள் ஞாயிறோ திங்களோ தொடங்கி வாரம் முழுவதும் தொடர்பவை. செவ்வாயன்று நடுவில் சேர்வது கடினம். வகுப்பு கூடும் இடம் எந்தத் தளம் என்று பதிவின்போதே பாருங்கள்.

பிரான்சில் சறுக்குப்பாதைகள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தின் வரிசையில் குறிக்கப்படுகின்றன. மூன்று நாள் பயின்றவர் நான்காம் நாள் பால்ம் பகுதியின் நீலப் பாதைகளுக்குப் போகலாம். அங்கிருந்து பிரெவானின் பிளான்பிராவுக்கும் ஃபிளெஜேருக்கும் நகரலாம். ஆனால் அங்கே ஒரு பொறி உண்டு. மேலே நீலப் பாதைகள் இருந்தாலும், அந்த இரண்டு மலைகளிலிருந்தும் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கும் பாதைகள் கறுப்பு. பனி குறைந்தால் அவையும் மூடப்படும். மாலையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே சறுக்கிவிட வேண்டாம். லிஃப்டிலேயே இறங்குங்கள், கடைசி லிஃப்டின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பகுதியான சவோய் நாட்டு உணவில் பாலாடைக்கட்டி தாராளம் என்பதால் சைவர்கள் நம்பிக்கையோடு, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த தார்த்திஃப்ளெட் கேட்கிறார்கள். அதில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். இல்லாமல் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள்.

9. ஒவ்வொரு மாலையும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்

மறுநாள் வானிலை, லிஃப்ட் நிலவரம், பனிச்சரிவு அபாய அறிக்கை. மூன்றாவதைப் பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தேயோ பிரான்ஸ் பருவகாலத்தில் நாள்தோறும் மாலையில் மறுநாளுக்கென வெளியிடுகிறது. அளவுகோல் 1 முதல் 5 வரை. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம் என்று நினைப்பது ஆபத்தான தப்புக்கணக்கு. மூன்று என்றால் பல சரிவுகளில் ஒரே ஒரு ஆளின் எடையே பனியைப் பெயர்த்துவிடக்கூடும். குறிக்கப்பட்ட பாதைக்குள் இருப்பவரை ஊழியர்கள் காக்கிறார்கள். கயிற்றைத் தாண்டி இரண்டு மீட்டர் போனாலும் அந்தக் காவல் இல்லை.

எதுவும் புரியாவிட்டால், தேவாலயத்தின் பக்கத்தில் இருக்கும் ‘மேஸோன் டு லா மோன்டாய்ன்’ கட்டடத்துக்குப் போங்கள். வழிகாட்டிகள் சங்கத்தின் அலுவலகமும், மலையின் அன்றைய நிலைமையை இலவசமாக எடுத்துச்சொல்லும் லா ஷமோனியார்ட் அலுவலகமும் அங்கேதான் இருக்கின்றன.

10. எகுயி டு மிடி: தேதியை நீங்கள் குறிக்காதீர்கள், வானம் குறிக்கட்டும்

கேபிள் கார் 1,035 மீட்டரிலிருந்து 2,317 மீட்டரில் உள்ள பிளான் டு லெகுயிக்கும், அங்கே வண்டி மாறி 3,777 மீட்டருக்கும் கொண்டு சேர்க்கிறது. மொத்தம் இருபது நிமிடம் அளவுதான். மின்தூக்கியில் இன்னும் ஏறினால் 3,842 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கடலோர ஊரிலிருந்து முந்தைய நாள் வந்திறங்கிய உடலுக்கு இது பெரும் அதிர்ச்சி. வாரத்தின் நான்காம், ஐந்தாம் நாளில் ஏறினால், அதற்குள் உடல் மலை உயரத்துக்குச் சற்றுப் பழகியிருக்கும். மூச்சு வாங்குவது குறையும்.

எனவே வாரத்தின் பின்பாதியில் இரண்டு நாளைத் திறந்து வைத்துக்கொண்டு, தெளிந்த வானமும் மெல்லிய காற்றும் கூடும் காலைக்கு முந்தைய மாலையில் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். இடைநிலையத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்று மேலே போவது நல்லது. மேலே படிகளில் ஓடாதீர்கள். தலை கனத்து, குமட்டல் வந்தால் அடுத்த வண்டியில் இறங்குவதே மருந்து. கீழே வெயில் அடித்தாலும் மேலே பூஜ்ஜியத்துக்குக் கீழ் இருபது டிகிரி வரை போகலாம் என்பதால் கையுறை, குல்லாய், கறுப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

11. வாலே பிளான்ஷ்: யார் போகலாம், எப்படிப் போவது

எகுயி டு மிடியிலிருந்து பனியாறுகளின் மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இறங்கும் இந்தத் தடம் சறுக்குப்பாதை அல்ல. குறிகள் இல்லை, சமன்படுத்துவோர் இல்லை. புதுப்பனி மூடிய பிளவுகள் உண்டு. சிவப்புப் பாதையில், பனி எப்படி இருந்தாலும், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் தடுமாறாமல் திரும்ப முடிகிறவருக்கே இது. முதல் வாரத்தில் கற்றவர் இதை வேறொரு ஆண்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

தகுதி உள்ளவர் முதலில் வழிகாட்டியைப் பதிவு செய்யட்டும். பிரான்சில் ஸ்கீ பயிற்றுநர் பனியாற்றில் ஆட்களை நடத்திச் செல்ல அனுமதி இல்லை. பன்னாட்டு மலை வழிகாட்டிச் சின்னம் பெற்ற உயர்மலை வழிகாட்டி வேண்டும். பதிவின்போது, வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இடுப்புக் கச்சை, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ அலைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கச்சையை உள்ளே அணிந்து மேலங்கியால் மூடிவிடாதீர்கள். பிளவில் விழுந்தவரைத் தூக்க அதில்தான் கயிறு மாட்டப்படும்.

பலருக்குக் கடினமானது சறுக்கு அல்ல, அதற்கு முந்தைய நடை. பனிச்சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும், இருபுறமும் சரியும் கூர்மையான பனிமுகட்டில், ஸ்கீயைப் பையில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். குளிர்காலத்தில் கைப்பிடிக் கயிறு கட்டியிருப்பார்கள்; வழிகாட்டியும் உங்களைக் கயிற்றில் பிணைத்திருப்பார். பூட்டின் மேற்கொக்கிகளை இறுக்காமல், கால் முன்பின் அசையும்படி விட்டு நடங்கள். பூட்டின் அடியில் மாட்டும் கிராம்பான் முள் அணிந்திருந்தால் காலை அகட்டி வையுங்கள். ஒன்றின் முள் மற்றதன் துணியில் மாட்டினால் விழுவீர்கள்.

இறங்கும் வழியில் வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாதீர்கள். புகைப்படம் எடுக்க நின்றாலும் அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். முடிவில் மேர் டு கிளாஸ் பனியாறு ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போவதால், மோந்தான்வேருக்கு ஏற நூற்றுக்கணக்கான இரும்புப் படிகள் இருந்தன. 2024இல் பனியாற்றின் மேற்பகுதியில் புதிய லிஃப்ட் திறக்கப்பட்டு அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஷமோனிக்கு இறங்கலாம். கடைசி ரயிலின் நேரத்தை முந்தைய நாளே பாருங்கள், காலையின் முதல் கேபிள் கார்களிலேயே ஏறிவிடுங்கள். ஷமோனி வரை சறுக்கியே இறங்க அன்று பனி போதுமா என்பதை வழிகாட்டிதான் சொல்ல வேண்டும்.

12. மோன் பிளாங்க் ஏறும் எண்ணம் உள்ளவர்களுக்கு

இந்த வாரத்தோடு அதைச் சேர்க்க முடியாது. அது கோடைக்கான வேலை. வழக்கமான பாதையில் டெட் ரூஸ், கூட்டே ஆகிய தங்கும் குடில்களில் பெயரோடு முன்பதிவு இருந்தால்தான் மேலே செல்ல அனுமதி. இடையில் உள்ள கூட்டே சரிவில் கல் உருளும் ஆபத்து எப்போதும் உண்டு. வெப்பம் மிகுந்த நாட்களில் அது கூடும். குடிலில் இடம் கிடைத்த தேதிக்கேற்ப வழிகாட்டியையும், அதற்கு முன் உயரத்துக்கு உடலைப் பழக்கும் சில நாட்களையும் அமைத்துக்கொண்டு, கடைசியில் விமானச்சீட்டு எடுங்கள்.